பால்சி என்றொரு சொல்

சுபாங் ஜெயா

சௌபாக்கியவதி மருமகளுக்கு அத்தை எழுதுவது.  

கிளினிக்கில் உனக்குக் கொடுத்த கர்ப்பகாலப் புத்தகத்தில் தாதி எழுதிய சொற்களையெல்லாம் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு இரண்டு இரவுகளாக நீ உறங்கவில்லை என்று அண்ணி சொன்னார். ஒரே ஒரு சொல்லைக் கேட்டு மாதக்கணக்கில் உறக்கம் இழந்தவள் நான். ஆகையால் உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

உன் அத்தான் பிறந்தபோது எடை நாலு கிலோவுக்கு மேல். தலை வெளிவந்தபின் தோள் உள்ளே சிக்கிக்கொள்ள, தாதிமார் இருவர் என் முழங்கால்களை வயிற்றோடு மடக்கி அழுத்தித்தான் அவனை மீட்டார்கள். மறுநாள் துணியை விலக்கிப் பார்த்தால், வலது கை மட்டும் அசைவற்று, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்புறம் திரும்பி, பிறர் காணாமல் காசு வாங்குகிறவன் கையைப்போலக் கிடந்தது. பார்வையிட வந்த டாக்டர் ‘எர்ப்ஸ் பால்சி’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பால்சி என்றால் பக்ஷவாதம் என்பதற்குமேல் ஒன்றும் அறியாத நானும் உன் மாமாவும், பிள்ளையின் மூளையே பழுதாயிற்று என்று நாங்களாக நிச்சயித்துக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதோம். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் இழுபட்டதால் வந்த தளர்ச்சியே அது, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நரம்பு அறுபடாதிருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும் என்பதை வெகுநாள் கழித்துப் பிசியோதெரபி செய்த பெண்தான் சொன்னாள். கேட்டிருந்தால் அந்த டாக்டரே சொல்லியிருப்பார். கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

‘செரிபிரல் பால்சி’ என்பதுதான் மூளையைச் சேர்ந்தது. அதற்கும் பிரசவக் கஷ்டமே மூலம் என்று 1861-இல் லண்டனில் டாக்டர் லிட்டில் சொல்லிவைத்தார். ஆனால் பெரும்பாலோர் விஷயத்தில் காரணம் பிரசவத்துக்கு முன்பே நேர்ந்துவிடுகிறது என்பதே இன்றைய வைத்தியர்களின் அபிப்பிராயம். பிள்ளை பிறந்ததும் நீ கேட்கப்போகும் ‘அப்கார்’ என்பதோ வியாதியே அன்று. வர்ஜீனியா அப்கார் என்ற டாக்டரம்மா 1953-இல் வெளியிட்ட கணக்கு. நாடித்துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் காட்டும் அசைவு, நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு மார்க் வரை, பிறந்த முதல் நிமிஷத்திலும் ஐந்தாம் நிமிஷத்திலும் மதிப்பிடுவார்கள். நம் ஜனங்கள் அதையும் எஸ்.பி.எம். பரீட்சை மார்க்காக்கி அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறார்கள்!

நீ அலட்சியம் செய்யக்கூடாத சொல் ஒன்று உண்டு. அது சீனித் தண்ணீர் குடித்துப் பார்த்த சோதனையின் முடிவு. அதில் தெரியவரும் கர்ப்பகாலத்து இனிப்புநீர், அதாவது நீரிழிவு, சிசுவைப் பெரிதாக்கக்கூடும். பெரிய சிசுவின் தோள் சிக்கக்கூடும். ஸ்காட்லாந்தில் நீரிழிவுள்ள, உருவத்தில் சிறிய ஒரு மாதுக்கு, தோள் சிக்கும் அபாயம் நூற்றுக்கு ஒன்பது பத்து இருந்தும் வைத்தியர் அதைச் சொல்லவில்லை; 1999-இல் பிறந்த மகன் ஊனமுற்றான். அத்தகைய அபாயத்தைத் தாய்க்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கேட்பது மரியாதைக் குறைவாகாது, டாக்டரிடம், “இது என் பிள்ளைக்கு என்ன செய்யும், எப்போது தெரியும்?” என்று தாராளமாகக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கிள்ளானிலிருந்து அழைத்துவர அத்தானை அனுப்புகிறேன். காலையில் பூப்பந்து ஆடிவிட்டு வலது தோள் வலிக்கிறதென்று புலம்பிக்கொண்டே வருவான், காதில் போட்டுக்கொள்ளாதே. மறவாமல் அந்தப் புத்தகத்தையும் எடுத்து வா.

இங்ஙனம்,
அத்தை