கன்றுக்கு மட்டுமா நிதி?

தில்லியில் பிள்ளைகளின் பள்ளியிலும் குடியிருப்புப் பூங்காவிலும் பசுமை வளர்க்க அரசு நிதி உதவிகள் உண்டு. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களுக்காக மத்திய அரசு 2001-02இல் தேசிய பசுமைப் படைத் திட்டத்தைத் தொடங்கியது. தில்லி அரசு 2004இல் அமைத்த பூங்கா, தோட்டச் சங்கம் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குப் பூங்காப் பராமரிப்பு நிதி வழங்கி வந்துள்ளது.

விண்ணப்பிக்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கன்று விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். வேலி, எரு, தண்ணீர்க் குழாய், தோட்டக்காரர் கூலி ஆகியவற்றையும் சேருங்கள்.

2. கன்று நன்கு வேரூன்ற இரண்டு மூன்று கோடைகள் ஆகும். அதுவரைக்கும் செலவைக் கணக்கிடுங்கள்.

3. மே, ஜூனில் பள்ளி விடுமுறை. நாமும் ஊருக்குப் போய்விடுவோம். வெயில் 45 டிகிரியைத் தொடும் அந்நாட்களில் தண்ணீர் ஊற்றுபவர் யார்? அவருக்கான கூலியை முதலிலேயே ஒதுக்குங்கள்.

நட்ட கன்று அடுத்த ஜூலையில் உயிரோடிருந்தால்தான், மறுமுறை நிதி கேட்க நமக்கு முகம் இருக்கும்.