நாட்பட்ட நீரிழிவும் நமது கடமையும்

மணமேல்குடி வட்டாரத்து அங்கத்தினர்களுள், பல்லாண்டு மாத்திரை உண்டும் சர்க்கரை அடங்கவில்லையே என வருந்துவோர் உளர். வருந்துமுன் காரணத்தை அறிவோம்.

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில், கணையம் சுரக்கும் இன்சுலின் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவது இயல்பு. முன்பு போதுமாயிருந்த மாத்திரை பின்னர் போதாமற் போகலாம். ஆகவே மருத்துவர் இன்சுலின் ஊசி போடச் சொன்னால் அஞ்சற்க. அது குறைந்ததை ஈடுசெய்வதேயாம். சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியோருக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் சுமார் 25 சதவிகிதம் குறைந்தன என 1998-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று காட்டிற்று.

ஒருநாட் சோதனை ஒருநாள் நிலையையே கூறும். மூன்று மாதச் சராசரியைக் கூறுவது எச்பிஏ1சி சோதனை. பெரும்பாலோர்க்கு அது 7 சதவிகிதத்திற்குக் கீழ் இருத்தல் நன்று; முதியோர்க்கு மருத்துவர் சற்றுத் தளர்த்துவர்.

மரத்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. தறி மிதிக்கும் காலையும் சேற்றில் இறங்கும் காலையும் இரவுதோறும் விளக்கொளியில் பார்த்தல் வேண்டும். சிறு புண்ணாயினும் உடனே மருத்துவரிடம் காட்டுக.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை இல்லத்திற்கே கொணர்கிறது. மாத்திரை பெறுவதோடு அமையாது, சுகாதார நிலையம் சென்று சோதனையும் செய்து கொள்வோமாக. கணக்குப் பாராத சங்கமும் சோதனை பாராத உடலும் நெடுநாள் நில்லா.