புது டயர் எண்டு வாங்கினீங்கள். எப்ப செய்த டயர்?



இந்தக் கிழமை எபிசோட்ல ஸ்போர்ட்ஸ் கார் டயர்களைப் பற்றிக் கதைச்சம். கடைசியில ஒரு விசயத்தை இரண்டு நிமிசத்துல ஓடி முடிச்சிட்டம்: கடையில "புதுசு" எண்டு விக்கிற டயர் உண்மையில எப்ப செய்யப்பட்டது? அதை எப்படிப் பார்க்கிறது? காசு குடுக்க முதல் பார்க்கிறதுக்கும், குடுத்த பிறகு பார்க்கிறதுக்கும் சுவிஸ்ல பெரிய வித்தியாசம் இருக்கு. அதால இந்த முறை ஆறுதலா எழுத்தில.

முதலில ஒரு கதை

2024 கோடையில என்ர மச்சான் ஒருத்தன் ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்கினான். நாலு டயரையும் இணையத்தில கழிவு விலைக்கு எடுத்தான். பெட்டியைத் திறந்து பார்க்கேல்ல. டயர் நேரா கராஜுக்குப் போச்சுது, பூட்டியாச்சு. மூண்டு கிழமை கழிச்சு கார் கழுவேக்க நான் சும்மா குனிஞ்சு பார்த்தன். முன் டயரில 1124. பின் டயரில 3019.

அதாவது முன் டயர் அந்த வருசம் மார்ச் மாதம் செய்தது. பின் டயர் 2019 யூலை. ஐந்து வயசு.

விற்றவரைக் கூப்பிட்டால் பதில் இதுதான்: "ஒரு கிலோமீற்றர் கூட ஓடாத டயர், அப்ப அது புதுசுதானே. பூட்டியும் போட்டீங்கள், திருப்பி எடுக்க ஏலாது." பக்கத்தில நிண்ட மாமாவும் சொன்னார்: "தம்பி, கோடெல்லாம் ஆழமா இருக்கு. பிறகென்ன?"

மாமாவைக் குறை சொல்ல ஏலாது. 1990களில பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டின தலைமுறை அது. ஒரு டயர் கிடைக்கிறதே பெரிய காரியம். தேயும் வரைக்கும் ஓடு, தேய்ஞ்சால் மாத்து. நாளும் ஓடுற வாகனத்துக்கு அந்தக் கணக்குச் சரி, ஏனெண்டால் அங்க டயர் கிழடாக முதல் தேய்ஞ்சு போகும். ஆனா வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமையில மட்டும் வெளியில வாற காருக்கு அது தலைகீழ். இங்க டயர் தேய முதல் கிழடாகிப் போகும்.

டயர் ஏன் கிழடாகுது?

டயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி இறுக்குகிறார்கள். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. டயர் வளைவதும், திரும்பப் பழைய உருவத்துக்கு வருவதும் அந்த இணைப்புகளால்தான். காலம் போகப் போக, காற்றில் உள்ள ஒட்சிசனும் வெப்பமும் அந்த அமைப்பை மாற்றுகின்றன. ரப்பர் கடினமாகிறது, இழுபடும் தன்மை குறைகிறது. உள்ளே உருக்குக் கம்பிகளையும் ரப்பரையும் சேர்த்து வைத்திருக்கும் பிடியும் தளர்கிறது.

இதைத் தடுக்க உற்பத்தியாளர்கள் மெழுகும் பாதுகாப்பு இரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளையும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்றாக வரும். சும்மா நிற்கிற காரில் அந்த வேலை குறைவு.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேணும். குளிரான, இருட்டான, உலர்ந்த களஞ்சியத்தில் காற்றடிக்காமல் இருக்கும் டயர், காரில் பூட்டின டயரை விட மிக மெதுவாகவே முதுமையடையும். அதனால் ஒன்றரை வயசு டயரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பிரச்சினை, அது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியாததுதான். திகதியை மட்டும் உங்களால் சரிபார்க்க முடியும்.

இரண்டு விபத்துகள்

2013 நவம்பர் 30. கலிபோர்னியாவின் சாந்தா கிளாரிற்றா நகரில் ஒரு போர்ஷே கரேரா ஜிடி மோதி எரிந்தது. "ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்" நடிகர் போல் வோக்கரும், காரை ஓட்டிய அவருடைய நண்பரும் இறந்தார்கள். மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீற்றர் எல்லை உள்ள வீதியில் கார் 80 முதல் 93 மைல் வேகத்தில் போனதாக விசாரணை சொன்னது. விபத்துக்குக் காரணம் வேகம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே விசாரணை இன்னொன்றையும் எழுதியது: டயர்களுக்கு ஒன்பது வயது, அது காரின் பிடியைப் பாதித்திருக்கலாம். அதிகம் ஓடாத விலை உயர்ந்த கார்களில் இப்படி நடப்பது அபூர்வம் இல்லை.

இரண்டாவது, 2012 செப்டெம்பர், இங்கிலாந்து. இசை விழாவிலிருந்து திரும்பிய ஒரு கோச் பஸ்ஸின் முன் டயர் வெடித்து 3 பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு 19 வயசுக்கு மேல். பஸ்ஸை விட டயர் பழசு! அப்போது டயரின் வயதுக்குச் சட்டத்தில் எல்லை இருக்கவில்லை. இறந்த ஓர் இளைஞரின் தாய் பல வருசம் போராடினார். 2021 பெப்ரவரி 1 முதல் பிரிட்டனில் லொறி, பஸ்களின் முன் சக்கரங்களில் 10 வயதுக்கு மேற்பட்ட டயர் தடை.

சுவிஸ்ல தனியார் கார்களுக்கு அப்படி வயது எல்லை இல்லை. சட்டம் கேட்கிறது குறைந்தது 1.6 மில்லிமீற்றர் புரொஃபில். வயதைப் பார்க்கிற வேலை எங்களுடையது.

எண்ணை வாசிக்கிறது எப்படி?

டயரின் பக்கச் சுவரில் "டிஓடி" என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கோ. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் சுருக்கம் அது. அதற்குப் பின்னால் தொழிற்சாலை, அளவு போன்றவற்றின் குறியீடுகள் வரும். கடைசி நாலு இலக்கம்தான் எங்களுக்குத் தேவை. பெரும்பாலும் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும்.

முதல் இரண்டு இலக்கம் கிழமை, அடுத்த இரண்டு வருசம். வேலையிடத்தில "கா-வே 35" எண்டு சொல்லுவினமே, அதே கிழமைக் கணக்கு.

3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை, ஓகஸ்ட் கடைசி.
0521 என்றால் 2021ஆம் ஆண்டின் 5ஆம் கிழமை, பெப்ரவரி தொடக்கம்.
மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்திய டயர். யோசிக்காமல் கழட்டுங்கோ.

இந்த எண் ஒட்டின லேபல் இல்லை. அச்சில் டயர் வேகும்போதே பதிகிறது. அதனால் நம்பலாம்.

கவனிக்க வேண்டிய மூன்று பொறிகள்:

1. நாலு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். ஸ்போர்ட்ஸ் டயர்களில் எது வெளிப்பக்கம் எண்டு குறிச்சிருக்கும், விருப்பத்துக்குத் திருப்பிப் பூட்ட ஏலாது. திகதி உட்பக்கம் வந்தால், பூட்டின பிறகு தெரியாது. அதால பூட்ட முதல் பாருங்கோ.

2. டயர் லேபலில் உள்ள கியூஆர் குறியை ஸ்கான் பண்ணினால் ஐரோப்பியத் தரவுத்தளம் திறக்கும். அதில் "உற்பத்தி தொடங்கிய திகதி" என்று இருக்கும். அது அந்த மொடலை எப்போது செய்யத் தொடங்கினார்கள் என்பது. உங்கட கையில இருக்கிற டயரின் திகதி இல்லை.

3. மேலே சின்னச் சின்ன ரப்பர் முடிகள் இருந்தால் டயர் ஓடவில்லை எண்டுதான் அர்த்தம். நேற்றுச் செய்தது எண்டு அர்த்தமில்லை.

ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் கூடுதல் கவனம்?

கோல்ஃப் காருக்குப் போடுற அளவு டயர் கடையில கிடந்து பழசாகாது, உடனே விற்றுப் போகும். 20 அங்குல, அகலமான பின் டயர் அப்படியில்லை. அதுக்கு மேல, போர்ஷேக்கு "என்" எழுத்து, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்செடிசுக்கு "எம்ஓ" எண்டு தனித்தனிக் குறி போட்ட டயர்கள் இருக்கு. வாங்கிற ஆக்கள் குறைவு, களஞ்சியத்தில இருக்கிற காலம் கூட.

முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற அளவு எண்டால் நாலும் ஒரே நேரத்தில் செய்யப்பட்டிருக்கும் எண்டு நினைக்காதேங்கோ. மச்சானுக்கு நடந்தது அதுதான். முன் டயர் மிருதுவா, பின் டயர் கடினமா இருந்தால் மழையில வளைவில பின்பக்கம்தான் முதலில வழுக்கும். கிரிம்சல் இறக்கத்தில அதைப் படிக்கிறது நல்ல யோசனை இல்லை.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. உங்கட டயர் 20,000 கிலோமீற்றர் ஓடும் எண்டு வையுங்கோ. வருசத்துக்கு 4,000 தான் ஓடுறீங்கள். அப்ப 5 வருசம் பாவிப்பீங்கள். புத்தம் புதுசா வாங்கினால் தேயும்போது வயசு 5. மூண்டு வயசில வாங்கினால் 8. மச்சானைப் போல ஐந்து வயசில வாங்கினால் 10.

எத்தனை வயசு வரைக்கும் சரி?

வாங்கேக்க: ஜேர்மன் டயர் வணிகத்தில் சரியாக வைக்கப்பட்ட, ஓடாத டயரை 3 வயது வரை "தொழிற்சாலைப் புதுசு" என்றும், 5 வயது வரை "புதுசு" என்றும் கணக்கெடுக்கிற வழக்கம் உண்டு. விற்கிறவர் "இது புதுசுதான்" எண்டு சொல்லேக்க இதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிப்பார். ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ர அளவு: ஒரு வயசுக்குள்ள எண்டால் நல்லது, இரண்டு வரைக்கும் சரி, அதுக்கு மேல எண்டால் விலை குறையவேணும், இல்லாட்டி வேண்டாம்.

பாவிக்கேக்க: 5 வருசத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் தெரிஞ்ச ஆளிட்டக் காட்டச் சொல்லுது மிஷெலின். எப்படி இருந்தாலும் 10இல் மாத்தச் சொல்லுது. பல கார் நிறுவனங்கள் 6 வருசம் எண்டு இன்னும் இறுக்கமாச் சொல்லுகின்றன. உங்கட காரின் கையேட்டைப் பாருங்கோ.

சட்டம்: லேர செய்யேக்க படிச்சது ஞாபகம் இருக்கோ?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கின பொருளை 14 நாளுக்குள் திருப்பலாம். சுவிஸ் சட்டத்தில் இணையக் கொள்வனவுக்கு அப்படிப் பொதுவான உரிமை இல்லை. கடை தானாகக் குடுத்தால் உண்டு, இல்லாட்டி இல்லை.

பெரூஃப்ஷூலவில் படிச்ச "ஓஆர்" சட்டத்தில் இரண்டு பிரிவு இங்க முக்கியம். 201ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்ததும் வழக்கப்படி பரிசோதிக்க வேண்டும், குறை இருந்தால் உடனே அறிவிக்க வேண்டும். சும்மா இருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். 197ஆம் பிரிவு: விற்பவர் உறுதி சொன்ன தன்மை இல்லாவிட்டால் அவர் பொறுப்பு.

எத்தனை வயசு டயர் "குறை" எண்டு சட்டத்தில் எழுதியில்லை. அதால அந்த உறுதியை நீங்கள்தான் எழுத்தில வாங்கவேணும்.

செய்ய வேண்டியது

1. ஓர்டர் பண்ண முதல் மின்னஞ்சல் அனுப்புங்கோ: "நாலு டயரினதும் உற்பத்தித் திகதி 12 மாதத்துக்கு மேற்படக் கூடாது. உறுதிப்படுத்த முடியுமா?" பதில் வந்த பிறகு காசு கட்டுங்கோ. தொலைபேசியில சொன்னது கணக்கில இல்லை.

2. டயர் வந்த அண்டைக்கே நாலையும் திருப்பித் திருப்பிப் பாருங்கோ. எண்களைப் படம் எடுங்கோ.

3. நேரா கராஜுக்குப் போகுதெண்டால், பூட்ட முதல் நாலு எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ.

4. எண் பொருந்தாட்டி பூட்டாதேங்கோ. அண்டைக்கே எழுத்தில முறையிடுங்கோ.

5. பாவிச்ச கார் வாங்கேக்க விளம்பரத்தில "புது டயர்" எண்டு இருந்தால் நம்பாமல் குனிஞ்சு பாருங்கோ. புதுசா பூட்டினது வேற, புதுசா செய்தது வேற.

மச்சான் கடைசியில பின் டயர் இரண்டையும் தன்ர காசில மாத்தினான். கழிவில மிச்சம் பிடிச்சதை விடக் கூடப் போச்சுது. ஓர்டர் பண்ண முதல் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் காணும்.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்

கைபேசி லைட்டோட கீழ கராஜுக்கு இறங்குங்கோ. முன் சக்கரத்தை முழுசாத் திருப்பினால் உட்பக்கமும் தெரியும். பின் சக்கரத்துக்குக் கைபேசிக் கமராவை உள்ளுக்கு நீட்டிப் படம் எடுங்கோ, நீங்கள் காருக்குக் கீழ போகவேண்டாம். உங்கட காரோட நிப்பாட்டாமல் அப்பா அம்மாவின்ர காரையும் பாருங்கோ. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுற காரில டயர் தேயாது, ஆனா வயசு போகும். "கோடு இருக்குத்தானே" எண்டு அப்பா சொன்னால், அந்த நாலு இலக்கத்தைக் காட்டி வாசிக்கப் பழக்குங்கோ.

அடுத்த எபிசோட்ல சந்திப்பம். கவனமா ஓடுங்கோ.