தோற்றாலும் எங்கள் குழு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

முன்னுரை

"தோல்வியே வெற்றியின் முதற்படி" என்று பள்ளிச் சுவர்களில் எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதற்படி சரி, மொத்தம் எத்தனை படிகள் என்பதை மட்டும் எந்தச் சுவரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு விளையாட்டுக் குழுவுக்கு அது 108 படிகளாக இருந்தது. படி ஒன்றுக்கு ஓர் ஆண்டு. 1908இல் பேஸ்பால் ஆட்டத்தின் இறுதித் தொடரை வென்ற 'சிகாகோ கப்ஸ்' குழு, மறுபடி அதை வென்றது 2016இல்தான். கப்ஸ் என்றால் குட்டிகள், கரடிக் குட்டிகள் என்று பொருள். குட்டிகள் வளர்ந்து ஆளாக 108 ஆண்டுகள் ஆயின என்று வைத்துக்கொள்ளலாம்.

இக்கட்டுரை அக்குழுவின் ஆட்டத்திறனைப் பற்றியது அன்று. தோற்றுக்கொண்டே இருந்த ஒரு குழுவைத் தாத்தா, மகன், பேரன் எனத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல், அதுவும் சிரித்த முகத்துடன் பின்தொடர்ந்த ரசிகர்களைப் பற்றியது. நான் பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை. புள்ளியியல் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது, "எண்களை வைத்தே ஓர் ஆட்டத்தைப் படிக்க வேண்டுமானால் பேஸ்பாலைப் படியுங்கள்" என்று எங்கள் பேராசிரியர் போகிற போக்கில் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனவன் கப்ஸ் குழுவிடம் மாட்டிக்கொண்டேன்.

ஆட்டத்தின் அமைப்பு

கிரிக்கெட் அறிந்தவர்களுக்குப் பேஸ்பால் விளங்குவது கடினமன்று. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரு குழுக்களும் மாறி மாறி மட்டை பிடிக்கும். மூன்று பேர் அவுட் ஆனால் மற்றக் குழுவின் முறை. சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் 'ஹோம் ரன்'. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலையில் இருந்தால், ஒருவர் வெல்லும் வரை கூடுதல் இன்னிங்ஸ் தொடரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒரு குழு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். ஆகவே இந்த ரசிகனுக்குத் தன் குழு என்பது திருவிழாவைப்போல எப்போதோ வருவதன்று. தினசரி சாப்பாட்டைப் போன்றது.

கணக்கு என்ன சொல்கிறது?

கப்ஸ் குழுவின் மிக மோசமான ஆண்டுகளில் இரண்டு 1962, 1966. இரண்டிலும் ஒரே முடிவு: 59 வெற்றி, 103 தோல்வி. நூற்றுக்கு 36 வெற்றி. மகுடம் சூடிய 2016இல் 103 வெற்றி, 58 தோல்வி. நூற்றுக்கு 64. சரியாக ஐம்பது ஆண்டு இடைவெளியில் அதே 103 என்ற எண் தோல்விப் பத்தியிலிருந்து வெற்றிப் பத்திக்கு இடம் மாறியிருப்பதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஆனால் இந்த எண்கள் சொல்லும் செய்தி வேறு. ஊரே கைகொட்டிச் சிரித்த குழுகூட மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றிருக்கிறது. ஊரே கொண்டாடிய குழுகூட மூன்றில் ஒன்றுக்கு மேல் தோற்றிருக்கிறது. அதாவது, தேறாத குழுவின் ரசிகனும் மாதத்தில் எட்டுப் பத்து நாள்கள் மகிழ்ச்சியாகவே வீடு திரும்புகிறான். ஒருமுறையும் வெல்லாத குழுவை நேசிப்பது தவம். மூன்றில் ஒருமுறை வெல்லும் குழுவை நேசிப்பது நம் எல்லோருடைய அன்றாட வாழ்க்கை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 1909 முதல் 1960 வரை, 52 ஆண்டுகள், பெரிய லீக்குகளில் 16 குழுக்கள் இருந்தன. எல்லாக் குழுக்களுக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால், ஒரு குறிப்பிட்ட குழு அந்த 52 ஆண்டுகளிலும் வெல்லாமலே போகும் நிகழ்தகவு பதினாறில் பதினைந்தின் 52ஆம் அடுக்கு. விடை நூற்றுக்கு மூன்றரை. பின்னர் குழுக்கள் படிப்படியாகப் பெருகி 1998இல் 30 ஆயின. அவற்றையும் சேர்த்து 2015 வரை கணக்கிட்டால், விடை ஏறத்தாழ ஆயிரத்துக்கு நான்கு. ஆக, இது வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில், நிர்வாகத்தில் நெடுங்காலம் குறை இருந்தது என்பதே பொருள். தலைமைப் பயிற்சியாளரே வேண்டாம், பல பயிற்சியாளர்கள் மாறி மாறி நடத்தட்டும் என்று 1961இல் ஒரு சோதனை செய்தார்கள். அடுத்த ஆண்டுதான் மேற்சொன்ன 103 தோல்வி.

தோல்வியின் வரலாறு

1906இல் கப்ஸ் 116 ஆட்டங்களில் வென்று 36இல் மட்டுமே தோற்றது. அந்த ஆண்டு இறுதித் தொடரில் அதே ஊரின் 'ஒயிட் சாக்ஸ்' குழுவிடம் தோற்றது! 1907, 1908 இரண்டிலும் டெட்ராய்ட் குழுவை வென்றது. அத்துடன் சரி.

1945இல் மீண்டும் இறுதித் தொடருக்கு வந்தபோது, மதுக்கடை நடத்திய பில்லி சியானிஸ் என்பவர் தம் ஆட்டுக்கிடாவுடன் ஆட்டம் பார்க்க வந்தாராம். ஆடு நாறுகிறது என்று வெளியேற்றிவிட, "இனி இந்தக் குழு வெல்லாது" என்று அவர் சாபமிட்டதாகக் கதை. அந்தத் தொடரில் கப்ஸ் தோற்றது. அடுத்த 70 ஆண்டுகளில் இறுதித் தொடரையே எட்டவில்லை. அறிவியல் மாணவனாகிய நான் ஆட்டின் சாபத்தை நம்பவில்லை. ஆனால் எல்லாத் தோல்விக்கும் ஒரு கிடாவைக் காரணம் காட்டிச் சிரித்துவிட்டுப் போவது, ஓர் ஆட்டக்காரனைத் திட்டித் தீர்ப்பதைவிட எவ்வளவோ மேல் அல்லவா?

1969இல் ஆகஸ்ட் நடுவில் தம் பிரிவில் ஒன்பது ஆட்ட அளவுக்கு முன்னிலையில் இருந்தார்கள். செப்டம்பரில் நியூயார்க்கில் ஆடும்போது ஒரு கறுப்புப் பூனை குறுக்கே ஓடியது. நியூயார்க் மெட்ஸ் முந்திச் சென்று அந்த ஆண்டு மகுடமும் சூடியது. 1984இல் ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டை வென்றுவிட்டு, அடுத்த மூன்றையும் சான் டியகோ குழுவிடம் இழந்தார்கள்.

சிரிக்கத் தெரிந்தவர்கள்

இவர்களுடைய மைதானம் ரிக்லி ஃபீல்டு, 1914இல் கட்டப்பட்டது. எல்லைச் சுவரில் 1937இல் நடப்பட்ட ஐவிக் கொடி படர்ந்திருக்கிறது. பந்து அதில் சிக்கினால் அடித்தவனுக்கு இரண்டு தளங்கள் என்று விதி. மற்ற ஊர்களில் மின்விளக்கொளியில் இரவு ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்க, இங்கே 1988 வரை பகல் ஆட்டந்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் ஒருவழியாக விளக்கேற்றி இரவு ஆட்டம் தொடங்கினார்கள். மழை வந்து ஆட்டம் நின்றுபோயிற்று!

எதிரணியின் ஹோம் ரன் பந்து பார்வையாளர் கையில் சிக்கினால், பிற ஊர்களில் அதை நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ரிக்லியில், "உன் ஓட்டமும் வேண்டாம், உன் பந்தும் வேண்டாம்" என்று மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிந்துவிடுவார்கள். ஆண்டு முடிவில் அவர்கள் வாயில் வரும் வாசகம் ஒன்றுதான்: "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்."

இக்குழுவின் முகமாக விளங்கியவர் எர்னி பேங்க்ஸ். 1953இல் கப்ஸ் குழுவில் ஆடிய முதல் கறுப்பின வீரர். 1958, 1959 இரு ஆண்டுகளிலும் லீக்கின் தலைசிறந்த வீரர் விருது. மொத்தம் 512 ஹோம் ரன்கள், 2,528 ஆட்டங்கள். அத்தனையும் இந்த ஒரே குழுவுக்காக. இதில் ஒன்றுகூடப் பருவத்துக்குப் பிந்தைய பெருந்தொடர் ஆட்டம் இல்லை. அவரோ, "இன்று நல்ல வெயில், இரண்டு ஆட்டம் ஆடுவோமா?" என்று கேட்பாராம். 2015 ஜனவரியில் மறைந்தார். இன்னும் ஓராண்டும் பத்து மாதமும் இருந்திருந்தால் கண்ணாரக் கண்டிருப்பார்.

ஒரு கறை

உண்மையை எழுத வேண்டுமானால் இதையும் எழுத வேண்டும். 2003இல் இறுதித் தொடரை எட்ட ஐந்து அவுட்டுகள் மட்டுமே மீதமிருந்தன; மூன்று ஓட்ட முன்னிலையும் இருந்தது. பார்வையாளர் பக்கம் வந்த பந்தைப் பிடிக்க ரசிகர் ஒருவர் கை நீட்டினார். மற்றவர்களும்தான் நீட்டினார்கள், பந்து பட்டது அவர் கையில். அதே இன்னிங்ஸில் எதிரணி எட்டு ஓட்டங்கள் எடுத்தது. ஆட்டக்காரரே தவறவிட்ட எளிய பந்தும் அதில் அடக்கம். ஆயினும் கூட்டம் அந்த ஒரு மனிதரைத் தூற்றியது. காவலர் துணையோடு அவரை வெளியே அழைத்துப்போக நேர்ந்தது. ஆட்டின் மேல் பழிபோட்டுச் சிரித்தவர்கள், அன்று ஒரு மனிதரை ஆடாக்கிவிட்டார்கள். 2017இல் குழு அவருக்கு வெற்றி மோதிரம் வழங்கிக் கடனைத் தீர்த்தது. சிரிப்பை இழந்த விசுவாசம் எவ்வளவு விரைவில் வெறியாகிவிடும் என்பதற்கு இது சான்று.

இரண்டு கொடிகள்

என்னை மிகவும் பாதித்தது ரிக்லியின் கொடி வழக்கம். ஆட்டம் முடிந்ததும் பெரிய ஸ்கோர் பலகையின் மேல் ஒரு கொடி ஏறும். வென்றால் வெள்ளைக் கொடி, அதில் நீல நிறத்தில் வெற்றியின் முதலெழுத்து. தோற்றால் நீலக் கொடி, அதில் வெள்ளை நிறத்தில் தோல்வியின் முதலெழுத்து. பக்கத்து மேம்பாலப் பாதையில் ரயிலில் போகிறவர்களும் அன்றைய முடிவைத் தெரிந்துகொள்ளலாம். தோற்ற அன்று கொடி ஏற்றாமல் விட்டுவிடலாமே? விடுவதில்லை. 103 நாள் தோற்றாலும் அதே கம்பத்தில், அதே உயரத்தில் ஏற்றுகிறார்கள்.

இதைப் படித்தபோது என் நிலை என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். முதல் பருவத்தில் நுண்கணிதத்திலும் துணைப்பாடமான இயற்பியலிலும் தேர்ச்சி பெறவில்லை. முடிவு வந்து ஒரு மாதம் வரை வீட்டில் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் "இன்னும் வரலைப்பா" என்றேன். ஊரில் எல்லோரிடமும் என் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர் முகத்தை நினைத்தால் வாய் வரவில்லை.

நீலக் கொடியைப் பற்றிப் படித்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் மதிப்பெண் தாளை அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த இரண்டு வரி என்று விரல் வைத்துக் காட்டினேன். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மத்ததெல்லாம் பாசா?" என்றார். "ஆமாப்பா, மத்த நாலும் பாஸ்" என்றேன். "அப்புறம் என்ன கண்ணு, இதையும் அடுத்த தடவ பாத்துக்கலாம். ஆனா பொய் மட்டும் சொல்லாத" என்றார். மறுநாள் டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "எம் மவன் ரெண்டு பாடத்த மட்டும் ரெண்டு தடவ படிக்கிறான், நல்லா மனசுல பதியட்டும்னு" என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சிகாகோ நகரம் இருக்கும் திசை அவருக்குத் தெரியாது. ஆனால் ரிக்லி மைதானத்தில் அவருக்கு ஓர் இடம் உண்டு என்று எனக்குத் தோன்றியது.

108ஆம் படி

2012இல் கப்ஸ் 101 ஆட்டங்களில் தோற்றது. இம்முறை நிர்வாகம் பொறுமையோடு இளம் வீரர்களைத் தேர்ந்து வளர்த்தது. 2016 இறுதித் தொடரில் கிளீவ்லேண்ட் குழு 3-1 என முன்னிலை பெற்றது. கப்ஸ் அடுத்த இரண்டையும் வென்றது. நவம்பர் 2ஆம் நாள் ஏழாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் முன்னிலை பறிபோய் 6-6 ஆனது. ஒன்பது முடிந்ததும் மழை. பதினேழு நிமிடம் ஆட்டம் நின்றது. கோடிக்கணக்கானோர் 'ஆட்டின் சாபம்' என்றே எண்ணியிருப்பார்கள். பத்தாவது இன்னிங்ஸில் இரண்டு ஓட்டங்கள் எடுத்து 8-7 என்று வென்றார்கள். பேஸ்பால் பந்தில் இருப்பதும் 108 இரட்டைத் தையல்களாம். ஒவ்வோர் ஆண்டாகத் தைத்து முடித்தார்கள் போலும்.

அன்று மக்கள் ரிக்லியின் செங்கல் சுவர்களில் சாக்குக்கட்டியால் பெயர்களை எழுதினார்கள். வீரர்களின் பெயர்கள் மட்டுமல்ல. இந்த நாளைக் காணாமலே மறைந்த தாய் தந்தையர், தாத்தா பாட்டிமாரின் பெயர்கள். வெற்றி வந்தபோது அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது, தங்களுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தவர்களே.

முடிவுரை

விசுவாசமான ரசிகன் தோல்வியை வெற்றி என்று சொல்பவன் அல்லன். தோற்றதைத் தோற்றது என்று கொடியேற்றிச் சொல்லிவிட்டு, மறுநாளும் மைதானத்துக்கு வருகிறவன். குறையைக் குறை என்று சொல்லும் உரிமை அவனுக்கே அதிகம். வெற்றியை மட்டும் நேசிப்பவனுக்கு ஆண்டுக்கு ஒரு குழுதான் கிடைக்கும். அதையும் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இயற்பியல் இரண்டாம் முறையில் தேறிவிட்டது. நுண்கணிதம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. இம்மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் முடிவு தெரிந்திருக்கும். எந்தக் கொடியானாலும் அன்றே ஊருக்குப் போய் ஏற்றிவிடுவேன்.