கர்ப்பகால நீரிழிவு: பரம்பரையலகும் கருப்பைச் சூழலும்

தலைமுறையுரிமை அலகைக் கற்றபின் மாணவர் பலர் எந்த நோயைக் கண்டாலும் மென்டலின் 3:1 விகிதத்தைப் பொருத்தப் பார்ப்பர். தலசீமியா, ஈமோபீலியா போன்றவை தனியொரு பரம்பரையலகில் ஏற்படும் மாற்றத்தால் உண்டாவன. நீரிழிவு பெரும்பாலும் அவ்வாறானதன்று. இதனை விளங்கிக்கொள்ளக் கர்ப்பகால நீரிழிவு நல்ல உதாரணமாகும்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் சூல்வித்தகம் சுரக்கும் ஓமோன்கள் தாயின் கலங்களில் இன்சுலினின் தொழிற்பாட்டைக் குறைக்கின்றன. குழந்தைக்குக் குளுக்கோசு தட்டுப்பாடின்றிக் கிடைக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. இதனை ஈடுசெய்யத் தாயின் சதையி கூடுதலான இன்சுலினைச் சுரக்க வேண்டும். அதற்கு வலுப் போதாதபோது குருதியில் குளுக்கோசு மட்டம் உயரும். குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடக்கும். தாயின் இன்சுலின் கடக்காது. இவ்வரியை நன்கு மனத்திற் கொள்க. முதிர்மூலவுரு தன் சொந்தச் சதையியால் மிகையான இன்சுலினைச் சுரந்து, கொழுப்பைச் சேமித்துப் பருக்கின்றது. பிறந்ததும் தாயிடமிருந்து குளுக்கோசு வருவது நின்றுவிட, இன்சுலின் மிகுந்திருப்பதால் சிசுவின் குருதி வெல்லம் சடுதியாகக் குறையலாம். கொழுகொழுவென்ற பிள்ளை என்று வீட்டார் மகிழும்போது வைத்தியர் கவலைப்படுவது இதனாலேயே.

எல்லாத் தாய்மாரின் சதையியும் ஒரே வலுவுடையதன்று. 2006 இல் ஐஸ்லாந்து ஆய்வாளர் நீரிழிவுடன் தொடர்புபடுத்திய ரி.சி.எவ்.7.எல்.2 என்னும் பரம்பரையலகின் ஒரு வடிவம் இன்சுலின் சுரப்பைப் பாதிக்கின்றது. இத்தகைய பரம்பரையலகுகள் பல உள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது.

அப்படியானால் எல்லாம் பரம்பரைதானா? 2005 - 2007 காலத்தில் வைத்தியர் வி. சேஷையா குழுவினர் தமிழ்நாட்டில் கர்ப்பிணித் தாய்மாரைப் பரிசோதித்தனர். நகரத்தில் 17.8%, சிறுநகரப் பகுதியில் 13.8%, கிராமத்தில் 9.9% தாய்மாருக்கு இந்நோய் இருந்தது. ஒரே மாநிலத்தில், நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே பரம்பரையலகுகள் இவ்வளவு மாறுபட்டிருக்கும் என்று கொள்வதற்கில்லை. உணவும் உடலுழைப்பும் உடல் நிறையுமே மாறுபடுகின்றன.

இன்னொரு சான்று அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடமிருந்து 2000 இல் வெளிவந்தது. தாய்க்கு நீரிழிவு ஏற்படுமுன் பிறந்த பிள்ளையையும் ஏற்பட்டபின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டனர். பின்னர் பிறந்த பிள்ளைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்று மடங்கிலும் கூடுதலாக இருந்தது. தந்தைக்கு நீரிழிவு ஏற்படுமுன்னும் பின்னும் பிறந்த பிள்ளைகளிடையே அவ்வாறான வேறுபாடு காணப்படவில்லை. பெற்றோர் அவர்களே, மாறியது கருப்பைச் சூழல்.

சூழல் எவ்வாறு உடலிற் பதிகின்றது? டி.என்.ஏ. இன் எழுத்துகள் மாறாமலே, அதன்மீது மெதைற் கூட்டங்கள் இணைவதால் ஒரு பரம்பரையலகின் தொழிற்பாடு கூடலாம் அல்லது குறையலாம். மேடையில் ஒலிவாங்கியின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது போன்றது, பேச்சு மாறாது. நெதர்லாந்தில் 1944 - 45 பஞ்சத்தின்போது கருவுற்ற பிள்ளைகளின் ஐ.ஜி.எவ்.2 பரம்பரையலகில், ஏறக்குறைய 60 ஆண்டுகளின் பின்னரும் மெதைற் கூட்டங்கள் அவர்களது சகோதரரிலும் குறைவாக இருந்தமை 2008 இல் வெளியிடப்பட்டது. பட்டினி மட்டுமன்றி, மிகையான குளுக்கோசும் இத்தகைய அடையாளங்களை மாற்றக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

"எங்கட பரம்பரையில இல்லை" என்று பரிசோதனையைத் தவிர்ப்பதும், "அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வரத்தான் செய்யும்" என்று சும்மா இருப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி இல்லை. ஆகவே 24 - 28 வாரங்களில் வெறுவயிற்றில் குருதி எடுத்து, 75 கிராம் குளுக்கோசு கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து மீண்டும் சோதிப்பர். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அளவுகோலின்படி வெறுவயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மி.கி./டெ.லீ. ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டினாலே போதும், கவனிக்க வேண்டும். பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையுமே போதுமானவை. சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். பிள்ளை பிறந்து ஆறு வாரங்களின் பின் தாய் மறுபடியும் சோதிக்கப்பட வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட மறவாத வீடுகளிலும் மறக்கப்படுவது இந்தச் சோதனைதான்.