தோலால் வாழும் உயிர்: காட்டுச் சாலமாண்டரும் கண்ணாடித் தொட்டியும்

சாலமாண்டரையும் நியூட்டையும் முதன்முறை காண்பவர் அவற்றைப் பல்லிக்கும் அரணைக்கும் உறவான ஊர்வன என்றே எண்ணுவர். நீண்ட உடல், நான்கு கால்கள், வால் என்னும் புறத்தோற்றம் அந்த எண்ணத்துக்கு இடந்தருகிறது. உண்மையில் இவை தவளை, தேரை ஆகியவற்றோடு சேர்ந்த இருவாழ்விகள். நியூட் என்பது சாலமாண்டர்களுள் இனப்பெருக்கக் காலத்தில் பெரும்பாலும் நீருக்குத் திரும்பும் ஒரு பிரிவு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இவை இயற்கையில் இல்லை. இந்தியாவில் டார்ஜிலிங் உள்ளிட்ட கிழக்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே வாழ்கின்றன. பல்லியின் உடலைச் செதில்கள் மூடிக் காக்க, சாலமாண்டரின் தோலோ செதிலின்றி எப்போதும் ஈரமாக இருந்து நீரையும் உயிர்வளியையும் உள்ளே விடுகிறது. நுரையீரலற்ற சாலமாண்டர்கள் என்னும் மிகப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை தோலாலும் வாயின் உட்சவ்வாலுமே சுவாசிக்கின்றன. காட்டில் கண்டெடுத்த சாலமாண்டரை வீட்டில் வளர்ப்பது குறித்து ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வழங்கும் தவறான நம்பிக்கைகளுள் பல, இந்தத் தோலின் இயல்பை அறியாததால் விளைந்தவை.

அவற்றுள் முதலாவது, அசையாமல் கிடக்கும், ஓசை எழுப்பாத, குறைவாக உண்ணும் இவ்வுயிர் வளர்ப்பதற்கு எளிது என்பது. நடு ஐரோப்பாவின் ஈரக்காடுகளில் வாழும் தீச்சாலமாண்டர் பகலெல்லாம் கல்லிடுக்கிலும் மட்கிய மரத்தின் அடியிலும் ஒடுங்கியிருந்து மழையிரவுகளில் வெளிவருவது. அதற்கு ஏற்றது 20 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான குளிர்ச்சி. கோடையில் வீட்டு அறையின் வெப்பம் நாள்கணக்கில் நீடித்தால் அது உணவை மறுக்கத் தொடங்குகிறது. குழாய்நீரிலுள்ள குளோரினும், தொட்டுத் தூக்கும் கையில் ஒட்டியிருக்கும் சோப்பும் பூச்சிவிரட்டியும் அதன் தோலைத் தாக்குகின்றன. உடலின் வேதியியக்கம் மெதுவாக நடப்பதால் பட்டினியும் நோயும் வெளியே தெரிய வாரக்கணக்காகலாம். அதுவரை அந்த அசைவின்மையை வளர்ப்பவர் மனநிறைவென்று கொள்கிறார். இந்த மயக்கத்தால் இறந்துபோன விலங்குகளே மிகுதி என்று கருத இடமுண்டு.

தீச்சாலமாண்டர் நெருப்பில் வேகாது, நெருப்பையே அணைத்துவிடும் என்னும் பழங்கதைக்கு இன்று மறுப்புத் தேவையில்லை. குளிர்காய மூட்டிய விறகுக்குள் உறங்கியிருந்தது சூடு தாங்காமல் வெளியேறியதே அக்கதைக்கு வித்தாகியிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, கடிக்காத விலங்காதலால் ஆபத்தற்றது என்னும் இக்கால நம்பிக்கை கவனமாக ஆராயத்தக்கது. தீச்சாலமாண்டரின் கண்களுக்குப் பின்னே புடைத்திருக்கும் சுரப்பிகளை உற்று நோக்கினால் ஊசியால் குத்தியவை போன்ற நுண்துளைகள் தெரியும். அவற்றின் வழியே கசியும் பால்போன்ற நஞ்சு கண்ணிலோ வாயிலோ பட்டால் கடுமையாக எரியும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் வாழும் சொரசொரத் தோல் நியூட்டின் நிலை இதனினும் கொடியது. தொந்தரவு செய்தால் தலையையும் வாலையும் மேல்நோக்கி வளைத்து ஆரஞ்சு நிற அடிவயிற்றைக் காட்டி எச்சரிக்கும் அந்தச் சிற்றுயிரின் தோலில் இருப்பது, பேத்தை மீனில் உள்ள அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு. நரம்புகளில் சோடியம் செல்லும் வழிகளை அடைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும் அதற்கு முறிமருந்து இல்லை. 1979-இல் ஒரேகான் மாநிலத்தில் 29 வயது இளைஞர் ஒருவர் இந்த நியூட்டை விழுங்கி இறந்தார். காயமில்லாத கையால் தொடுவதால் பொதுவாகக் கேடில்லை என்றாலும், கையை வாயில் வைக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வுயிருக்கு இடமில்லை.

நூற்றுக்கணக்கில் இருப்பவற்றுள் ஒன்றை எடுத்தால் காடு குறைந்துவிடுமா என்பது அடுத்த கேள்வி. விரைந்து பெருகும் பூச்சியைப் பற்றியது என்றால் இக்கேள்வி பொருந்தும். தீச்சாலமாண்டரோ முதிர்ச்சியடையச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, காட்டிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ வல்லது. ஆகவே எடுத்துச் செல்லப்படும் ஒரு முதிர்ந்த பெண் விலங்கோடு பல ஆண்டுகளின் குஞ்சுகளும் போய்விடுகின்றன. வழிதவறி நின்றதைக் காப்பாற்றினோம் என்பாரும் உளர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் விக்டர் ட்விட்டி, கலிபோர்னியாவின் செவ்வயிற்று நியூட்களை அடையாளமிட்டுத் தொலைவில் கொண்டுபோய் விட்டபோது, அவற்றுள் பல மலைமுகடுகளைக் கடந்து தாம் பிடிபட்ட ஓடைப்பகுதிக்கே திரும்பி வந்தன. சாலையோரத்தில் காணப்படும் நியூட் பெரும்பாலும் தன் குளத்துக்குப் போய்க்கொண்டிருப்பது. அது செல்லும் திசையிலேயே சாலையைக் கடக்கச் செய்வது ஒன்றே அதற்குத் தேவையான உதவி.

எல்லாவற்றிலும் பெருந்தீங்கு விளைப்பது, வளர்க்க முடியாவிட்டால் மீண்டும் காட்டில் விட்டுவிடலாம் என்னும் நல்லெண்ண நம்பிக்கை. நெதர்லாந்தின் தென்கோடியில் உள்ள புண்டெர்போஸ் காட்டில் 2010 முதல் தீச்சாலமாண்டர்கள் திரளாக மடியத் தொடங்கிச் சில ஆண்டுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. ஆய்வாளர் ஆன் மார்ட்டெலும் அவருடைய குழுவினரும் 2013-இல் அதன் காரணத்தை வெளியிட்டனர்: சாலமாண்டரின் தோலையே தின்று விளிம்பு கறுத்த சிறுசிறு குழிப்புண்களாக்கி, ஓரிரு வாரங்களில் கொன்றுவிடும் ஒரு பூஞ்சை அது. ஆசியாவின் சில நியூட்கள் நோயின் அறிகுறியே இல்லாமல் இதைச் சுமக்கின்றன என்றும், வளர்ப்பு விலங்கு வணிகத்தின் வழியே இது ஐரோப்பாவுக்கு வந்திருக்க வேண்டும் என்றும் அடுத்த ஆண்டின் ஆய்வு காட்டியது. ஆகவே தொட்டியில் நலமாகத் தோன்றும் ஒரு நியூட்டோடு சில வாரங்கள் ஒரே நீரைப் பகிர்ந்துகொண்ட உள்ளூர்ச் சாலமாண்டர் காட்டுக்குத் திரும்பும்போது தனியே திரும்புவதில்லை. பெல்ஜியத்தின் ராபர்ட்வில் பகுதியில் 2014-இல் இப்பூஞ்சை நுழைந்த ஆறே மாதங்களில் தீச்சாலமாண்டர்களில் 90 விழுக்காடு மறைந்தன. ஒருமுறை நோயுற்றுத் தேறியவற்றுக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை. பூஞ்சையின் உறைவித்துக்கள் குளத்து நீரில் ஒரு மாதம் வரை உயிர்ப்புடன் இருப்பதால், தொட்டியின் கழிவுநீரை ஓடையில் கொட்டுவதும் விலங்கை விடுவதற்கு இணையான தீங்கே. 25 டிகிரி வெப்பத்தில் பத்து நாள்கள் வைத்தால் தீச்சாலமாண்டரின் உடலிலுள்ள பூஞ்சை அழிகிறது. ஒரு காட்டுக்கு அந்தச் சிகிச்சையை அளிக்க வழியில்லை. 2016-இல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்ததற்கும் இந்த அச்சமே காரணம்.

நோயில்லாத விலங்கும் வேற்றிடத்தில் விடப்பட்டால் கேடு விளைக்கக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தூண்டில் இரை வணிகர்கள் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து விட்ட பட்டைப்புலிச் சாலமாண்டர், அங்கேயே தோன்றி வாழும் கலிபோர்னியப் புலிச்சாலமாண்டரோடு கலந்து பெருகியதால், பல குளங்களில் இன்று கலப்பினங்களே காணப்படுகின்றன.

ஆக்சலாட்டல் என்னும் சாலமாண்டரைப் பலர் வீட்டில் வளர்க்கிறார்களே என்னும் வாதத்துக்கும் விடை உண்டு. ஆய்வகங்களிலும் வீடுகளிலும் உள்ள ஆக்சலாட்டல்கள், 1860-களில் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஒரு சிறு கூட்டத்தின் வழியில் பெரும்பாலும் வந்து, தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பெருகியவை. அவற்றை வளர்ப்பதைக் காட்டி, ஓடைக்கரையிலிருந்து பிடித்து வருவதை நியாயப்படுத்த இயலாது. ஈரானின் சாக்ரோஸ் மலைகளில் வாழும் கைசர் நியூட்டை வணிகத்துக்காகப் பிடித்ததால் அதன் நிலை மோசமாகி, 2010-இல் அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. இந்தியாவில் இமயமலைச் சாலமாண்டரைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஏற்கெனவே பிடித்து வந்து பிற விலங்குகளோடு வைத்திருப்பவர் செய்யத்தக்கது, அதைத் தனித்தொட்டியில் குளிர்ச்சியாக வைத்து, கழிவுநீரைக் கிருமிநீக்கம் செய்து, தாமே முடிவெடுத்துக் காட்டில் விடாமல் அப்பகுதியின் வனஉயிர்த் துறைக்கோ இருவாழ்விகளை அறிந்த கால்நடை மருத்துவருக்கோ தெரிவிப்பது.