பால் உறைவதும் பாலாடைக்கட்டி கெடுவதும்

காலையில் பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை எடுக்கப் பிந்திவிட்டால் என்ன நேரும் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பால் தானே கட்டியாகிவிடும். சில நாள் கிடந்தால் நாற்றம் தொலைவிலேயே தெரியும். கடைகளில் 'சீஸ்' எனப்படும் பாலாடைக்கட்டி உருவாவதும் கெடுவதும் இதற்கு மிக நெருங்கிய வேதியியல் நிகழ்ச்சிகளே.

பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். அதிலுள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் என்பதாகும். கேசின் துகள்கள் யாவும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆகவே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் மிதக்கின்றன. புரதம் போர்த்திய ரப்பர் துகள்களும் அவ்வாறே மிதக்கின்றன. அமிலம் சேர்ந்ததும் மின்னேற்றம் நீங்கி, துகள்கள் ஒன்றோடொன்று கூடிவிடும். ஆலையில் நாம் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது இதற்காகவே. பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்ப்பதும் இதே கணக்கைத் திருப்பிப் போடுவதுதான்.

பசும்பாலில் அமிலத்தை ஊற்ற வேண்டுவதில்லை. பாக்டீரியாக்கள் பாற்சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏறி, பி.எச். அளவு 6.7-இலிருந்து 4.6 வரை இறங்கும்போது கேசின் உறைகிறது. நம் வீட்டுத் தயிர் இவ்வாறு உண்டாவதே.

ஆனால் பெரும்பாலான பாலாடைக்கட்டிகளுக்குப் புளிப்பு மட்டும் போதாது; ரென்னெட் என்னும் நொதியும் தேவை. கேசின் துகளின் மேற்பரப்பில் மயிர்போல் நீண்டு, துகள்களை விலக்கி நிறுத்தும் பகுதியை அது வெட்டிவிடுகிறது. காவல் இழந்த துகள்கள் வலைபோல் பின்னிக்கொள்ள, கொழுப்பும் அதனுள் சிக்கிக்கொள்கிறது. பின்னர் அதை வெட்டி, நீரை வடித்து, உப்பிட்டு அழுத்துவர். கெட்டியான வகையில் ஒரு கிலோ செய்ய ஏறக்குறைய 10 லிட்டர் பால் செலவாகும்; விலை உயர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்!

முற்காலத்தில் ரென்னெட் இளங்கன்றின் இரைப்பையிலிருந்தே எடுக்கப்பட்டது. இன்றும் சிலவற்றில் அது உண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த நொதிக்கு அமெரிக்காவில் 1990-இல் அனுமதி கிடைத்தது. இப்போது அத்தகையதே மிகுதியாகப் பயன்படுகிறது. மாட்டிறைச்சி விலக்கும் குடும்பத்தார் உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவது நலம்.

பக்குவமடைவதும் கெடுவதும் ஒரே பாதையில் நிகழ்பவை என்பது வியப்பே. நுண்ணுயிரும் நொதியும் புரதத்தையும் கொழுப்பையும் சிறிது சிதைத்தால் மணமும் சுவையும் கிடைக்கும். அளவு மீறினால் புரதத்திலிருந்து கசப்பும், கொழுப்பிலிருந்து பியூட்டிரிக் அமிலமும் தோன்றும். நெடுநாள் கிடந்த மங்குக் கட்டியின் நாற்றத்திலும் இவ்வகை அமிலங்கள் உண்டு. சில பாக்டீரியாக்கள் வாயுவை உண்டாக்கிக் கட்டியை உப்பி வெடிக்கவும் செய்யும். உப்பும் குளிரும் நீர்க்குறைவும் இக்கேட்டைத் தாமதப்படுத்துமேயன்றி அறவே நிறுத்தா.

பிரான்சின் ரோக்ஃபோர் வகையில் நீலப்பூஞ்சை வேண்டுமென்றே வளர்க்கப்படுவதாகும். அதைக் கண்டு, எல்லாப் பூஞ்சையும் உண்ணத்தக்கது என்று கொள்ளலாகாது. கெட்டியான கட்டியில் பூஞ்சை தோன்றினால், அதைச் சுற்றிலும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டியெறிந்து எஞ்சியதைப் பயன்படுத்தலாம். மென்மையானதிலும் துருவியதிலும் நச்சு உட்புகுந்திருக்கக்கூடும். அவற்றை முழுவதும் எறிந்துவிட வேண்டும். காய்ச்சாத பாலில் செய்த மென்மையான பாலாடைக்கட்டியைக் கருவுற்ற பெண்கள் உண்ணலாகாது. அதில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா குளிர்பெட்டியிலும் வளரும்; வயிற்றிலுள்ள குழந்தையின் உயிருக்கே கேடு விளைவிக்கும்.